பல கலையும் ஒரு கழகமும்

பல்கலைக்கழகம் என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்கி வருகின்றோம். அச்சொல்லைச் சற்றே பிரித்து நோக்கின், அதனுள்ளே இரண்டு பொருள்கள் அடங்கியிருத்தல் புலனாகும். ஒன்று, பல கலைகள், மற்றையது, கழகம். பல கலைகளையும் ஓரிடத்திலே தொகுத்து வைத்தல் பொருளுடையார்க்கு எளிது. மண்டபங்களைக் கட்டலாம், நூல்களை வாங்கலாம், துறைக்கொரு பேராசிரியரை நியமிக்கலாம். ஆனால், அப்பேராசிரியர்கள் கூடி ஒரு கழகமாதல் அத்துணை எளிதன்று. கணிதம் கற்பிப்பவர் ஒரு மூலையிலும் மருத்துவம் கற்பிப்பவர் மற்றொரு மூலையிலும் இருந்து, ஒருவர் முகத்தை மற்றவர் பட்டமளிப்பு விழாவிலே மட்டும் காணும் நிலை எந்நாட்டிலும் தோன்றக்கூடியதே.

இத்தகைய பிரிவைக் கடந்து ஆசிரியர் சிலர் ஒரு கழகமாய்க் கூடிய கதையொன்றை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன். அது ஏறக்குறைய முந்நூற்றெழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர், இங்கிலாந்து தேசத்து ஒக்ஸ்போட் நகரிலே நிகழ்ந்தது. அவர்கள் துறையால் மட்டும் பிரிந்தவர்களல்லர். உள்நாட்டுப் போரிலே எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றவர்கள். ஆதலின், அவர்கள் ஒன்று கூடியது எவ்வாறு என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

முதலில், அக்காலத்து ஒக்ஸ்போட்டின் நிலையைக் காண்போம். 1642ஆம் ஆண்டிலே முதலாம் சாள்ஸ் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையே போர் மூண்டது. இலண்டன் மாநகர் பாராளுமன்றத்தின் பக்கம் நின்றமையால், மன்னர் ஒக்ஸ்போட்டைத் தம் தலைநகராக்கிக்கொண்டார். கிறைஸ்ற் சேர்ச் என்னும் கல்லூரி மன்னருக்கு மாளிகையாயிற்று. மேட்டன் கல்லூரியிலே அரசி தங்கினார். கல்லூரிகளிலிருந்த வெள்ளிப் பாத்திரங்கள் உருக்கப்பட்டு, படைவீரரின் கூலிக்கு நாணயமாக வார்க்கப்பட்டன. மாணவர் ஏட்டை வைத்துவிட்டு ஆயுதம் ஏந்தினர். 1646ஆம் ஆண்டு யூன் மாதத்திலே நகரம் பாராளுமன்றப் படையிடம் சரணடைந்தது.

போர் முடிந்தபின் வந்தது விசாரணை. பாராளுமன்றம் அனுப்பிய விசாரணையாளர் கல்லூரி கல்லூரியாகச் சென்று, "எம் ஆணைக்கு அடங்குவீரா?" என வினவினர். அடங்க மறுத்த ஆசிரியர் பலர் 1648ஆம் ஆண்டிலே பதவி நீக்கப்பட்டனர். அவர்கள் இருந்த ஆசனங்களிலே புதியவர்கள் அமர்த்தப்பட்டனர். 1649ஆம் ஆண்டு சனவரி 30ஆந் திகதி மன்னரே கொலைக்களத்தில் தலை துணிக்கப்பட்டார். வந்தவரைப் போனவரின் நண்பர் எவ்வாறு நோக்கியிருப்பர் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். ஒரே மண்டபத்தில் உணவருந்துவோர் ஒருவர் கண்ணை ஒருவர் நேராக நோக்க இயலாத காலம் அது.

இக்காலத்திலேதான் வாட்ஹம் என்னும் கல்லூரிக்குத் தலைவராக யோன் வில்கின்ஸ் என்பவர் 1648ஆம் ஆண்டிலே வந்து சேர்ந்தார். அவர் பாராளுமன்றத்தால் அமர்த்தப்பட்டவர். பிற்காலத்தில் ஒலிவர் கிறொம்வெலின் சகோதரியையே மணம் புரிந்தவர். சமயகுருவாயினும் விஞ்ஞானத்திலே பெருவேட்கை கொண்டவர். சந்திரனிலும் உயிர்கள் வாழக்கூடும் என்று 1638ஆம் ஆண்டிலேயே நூலெழுதியவர். எதிர்க்கட்சியினரும் தம் பிள்ளைகளை நம்பி அவரது கல்லூரிக்கு அனுப்பினர் என்றால், அவரது இயல்பு எத்தகையது என்பதை அறியலாம்.

அவரைச் சூழ்ந்து கூடியவர்களை ஒவ்வொருவராக நோக்குவோம். யோன் வாலிஸ் என்பவர் 1649ஆம் ஆண்டிலே கேத்திரகணிதப் பேராசிரியரானார். அவர் போர்க்காலத்திலே மன்னர் பக்கத்தாரின் இரகசியக் கடிதங்களைக் கைப்பற்றியபோது, அவற்றின் மறைமொழியை அவிழ்த்துப் பாராளுமன்றத்துக்கு உதவியவர். அதே ஆண்டிலே வானியற் பேராசிரியரான சேத் வோட் என்பவரோ இதற்கு நேர் எதிரானவர். பாராளுமன்றத்தார் விதித்த உடன்படிக்கையை ஏற்க மறுத்தமையால் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து முன்னரே வெளியேற்றப்பட்டவர். வோட் பெற்ற பதவி, விசாரணையாளரால் நீக்கப்பட்ட யோன் கிறீவ்ஸ் என்பவருடையது. பதவி இழந்த அக்கிறீவ்ஸ்தாமே, தம் இடத்துக்கு வோட் தகுந்தவர் என்று கூறி அவரை ஊக்கினார். பகை மிகுந்த காலத்திலும் துறையின் நலத்தைத் தம் நலத்தினும் மேலாக எண்ணிய ஒருவர் இருந்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி, மருத்துவத் துறையினர். தோமஸ் வில்லிஸ் மன்னரின் படையிலே ஆயுதம் தாங்கியவர். தடைசெய்யப்பட்ட பழைய வழிபாட்டைத் தம் இல்லத்திலே மறைவாக நடத்த இடமளித்தவர். றல்ப் பதர்ஸ்ற் மன்னர்பாற் பற்றுக்கொண்ட குடும்பத்தவர். குருத்துவப் பணிக்குக் காலம் வாய்ப்பாக இல்லாமையால் மருத்துவத்துக்கு மாறியவர். யொனதன் கொடாட்டோ கிறொம்வெலின் படையோடு சென்ற தலைமை மருத்துவர். உடற்கூற்றியல் கற்பித்த வில்லியம் பெற்றி துணி நெய்வோர் ஒருவரின் மகன். சிறுவயதிலே கப்பலேறிப் பிரான்சு, ஒல்லாந்து ஆகிய தேசங்களிற் கற்றுத் தம் முயற்சியால் உயர்ந்தவர். இத்தகையோரை ஓரிடத்தில் இருத்தி, "நண்பர்களாக இருங்கள்" என்று உபதேசித்தால் அவ்வுபதேசம் ஒரு நாளும் பலிக்காது. வில்கின்சும் தோழர்களும் உபதேசத்தை நாடவில்லை, வேலையை நாடினர்.

அவர்கள் முதலிற் கூடிய இடமே இதற்குச் சான்று. அது கல்லூரி மண்டபமன்று. மருந்து வணிகர் ஒருவரின் வீடு. அவ்வீட்டிலே பெற்றி குடியிருந்தார். அவ்விடத்தை ஏன் தெரிந்தெடுத்தனர் என்பதற்கு வாலிஸ் பிற்காலத்திலே ஒரு காரணம் எழுதிவைத்தார்: வேண்டியபோது மருந்துப் பொருள்களை எடுத்துப் பார்ப்பதற்கு அவ்விடம் வாய்ப்பாக இருந்ததாம். எவருக்கும் உரிமையில்லாத ஒரு பொதுவிடம். நடுவே, எல்லாரும் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருள்கள். கூட்டத்துக்கு வேண்டிய முதலாவது பொருத்தம் அங்கே அமைந்தது.

இரண்டாவது, பேச்சுக்கு ஒரு வரம்பு. ஒக்ஸ்போட்டுக்கு வருமுன்னர், 1645ஆம் ஆண்டளவில், வாலிஸ், வில்கின்ஸ், கொடாட் முதலியோர் இலண்டனிலே வாரந்தோறும் கூடிவந்தனர். அங்கே அவர்கள் ஒரு நியதி வகுத்திருந்தனர். சமயவாதம் பேசலாகாது, அரசியல் பேசலாகாது, நாட்டு நடப்புச் செய்திகளும் பேசலாகாது. குருதி உடலிற் சுற்றியோடுவது, வால்வெள்ளிகள், வியாழனின் சந்திரர்கள், சூரியனிற் காணும் புள்ளிகள், வளியின் நிறை என்பன போன்றனவே அவர்கள் பேசிய பொருள்கள். அந்நியதியை ஒக்ஸ்போட்டுக்கும் உடன் கொண்டுவந்தனர். நாடு முழுவதும் கொதித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பிற்பகலாவது அமைதியாகப் பேசியிருக்க ஓரிடம் வேண்டும் என்பதே அவர்களின் முதல் நோக்கம் என்று, அக்கழகத்தின் வரலாற்றை 1667ஆம் ஆண்டிலே வெளியிட்ட தோமஸ் ஸ்பிறாற் கூறுகின்றார்.

இவர்கள் சேர்ந்து பணிபுரிந்ததன் பயனை ஊரறியச் செய்த நிகழ்ச்சியொன்று 1650ஆம் ஆண்டு திசெம்பர் 14ஆந் திகதி நடந்தது. ஆன் கிறீன் என்னும் பணிப்பெண் ஒருத்தி, தன் சிசுவைக் கொன்றாள் என்ற குற்றச்சாட்டின்மேல் ஒக்ஸ்போட்டிலே தூக்கிலிடப்பட்டாள். ஏறக்குறைய அரைமணி நேரம் அவள் தூக்கிலே தொங்கினாள். அவளது வேதனையை விரைவில் முடித்தற்பொருட்டு உறவினரும் நண்பரும் அவள் கால்களைப் பற்றி இழுத்தனர். பின்னர் அவ்வுடல், அறுத்துப் பார்த்தற்கென்று பெற்றியின் உறைவிடத்துக்குக் கொண்டுவரப்பட்டது. பெட்டியைத் திறந்தபோது மெல்லிய மூச்சொலி கேட்டது. அறுக்க வந்தவர்கள் அக்கணமே காக்க முனைந்தனர். பெற்றி, வில்லிஸ், பதர்ஸ்ற், வீட்டுக்குரிய மருந்து வணிகர் ஆகிய யாவரும் சூழ்ந்து நின்று, பற்களைத் திறந்து மருந்து புகட்டினர். கைகால்களைத் தேய்த்துச் சூடேற்றினர். வெப்பமான படுக்கையிலே கிடத்தி, அணைத்துக்கொண்டிருக்க ஒரு பெண்ணையும் அமர்த்தினர். சில நாளில் அவள் எழுந்து நடந்தாள். குழந்தை குறைமாதத்திலே உயிரின்றிப் பிறந்தது என்பதற்கான சான்றுகளை அம்மருத்துவர்கள் எடுத்துக் கூற, அவளுக்கு மன்னிப்பும் கிடைத்தது. பின்னர் அவள் மணம் புரிந்து பிள்ளைகளும் பெற்றாள்.

அவ்வறையிலே நின்றவருள் வில்லிசும் பதர்ஸ்றும் மன்னர் பக்கத்தவர்; பெற்றியோ புதிய ஆட்சியின் ஆதரவால் உயர்ந்தவர். மூச்சு இழையோடும் ஒரு பெண்ணின் படுக்கையருகே அந்த வேற்றுமைக்கு இடமிருக்கவில்லை.

ஆயினும், ஒரு நாள் நேர்ந்த அற்புதம் ஒரு கழகத்தை என்றும் தாங்கி நிற்காது. உற்சாகம் தணியும், ஒருவர் வரத் தவறுவார், அடுத்த வாரம் மற்றொருவரும் வாரார். இவ்வியல்பை நன்குணர்ந்த அவர்கள், 1651ஆம் ஆண்டு ஒற்றோபர் 23ஆந் திகதி தம் கழகத்துக்கு விதிகள் எழுதினர். அவ்விதிகள் இன்றும் நமக்குக் கிடைக்கின்றன. வியாழக்கிழமைதோறும் பிற்பகல் இரண்டு மணிக்கு முன்னர் கூடவேண்டும். புதியவர் ஒருவரைச் சேர்ப்பதாயின் பெரும்பான்மையோர் இசைய வேண்டும்; அவ்வாக்கு மறைவாக அளிக்கப்பட வேண்டும். ஊரில் இருந்துகொண்டே தக்க காரணமின்றி ஆறு வாரம் தொடர்ந்து வாராதவர் கழகத்தினின்று நீங்கியவராகக் கருதப்படுவர். தமக்குக் குறித்த நாளிலே தம் பரிசோதனையைக் கொண்டுவரத் தவறினவர் 2 சிலின் 6 பென்ஸ் தண்டம் இறுக்க வேண்டும்.

தண்டம் இறுத்துவிட்டால் வேலை தீர்ந்தது என்று எண்ணுவாரும் உண்டன்றோ? அதனையும் அவர்கள் எண்ணினர். தண்டம் கொடுத்தபின்னரும் அப்பணியைச் செய்தே தீரவேண்டும் என்று விதித்தனர். ஒருவர் தவறினார் என்பதைக் காரணங்காட்டி அடுத்தவர் தவறுதலும் ஆகாது. பள்ளிக்கூடங்களிலே அது வழக்கமாயிருந்தாலும் இங்கே செல்லாது என்று குறித்து வைத்தனர். ஆசிரியரின் இயல்பை ஆசிரியரே அறிவர் என்பதற்கு இவ்விதி ஒன்றே போதும்.

இவ்விதிகளிலே ஒருவர் எக்கட்சியினர், எச்சபையினர், எந்தக் கல்லூரியினர் என்னும் கேள்வி எழவில்லை. ஒருவர் வந்தாரா, கொண்டுவர வேண்டியதைக் கொண்டுவந்தாரா என்பதே கேள்வி. அன்பு செலுத்துமாறு எவரையும் வற்புறுத்துதல் இயலாது; வியாழக்கிழமை வருமாறு வற்புறுத்தலாம். தொடர்ந்து வருபவரிடையே மதிப்பும், மதிப்பிலிருந்து நட்பும் தாமாகவே முளைத்தல் கூடும்.

1652ஆம் ஆண்டிலே பெற்றி அயர்லாந்துப் படைக்கு மருத்துவராகச் சென்றபின், கழகம் வாட்ஹம் கல்லூரியிலே வில்கின்சின் இருப்பிடத்துக்கு மாறியது. அவ்வாண்டுத் தொடக்கத்திலே சேத் வோட் தம் நண்பரொருவருக்கு எழுதிய கடிதத்திலிருந்து இரு பெரும் பணிகளை நாம் அறிகின்றோம். அப்பொழுது அவர்கள் ஏறக்குறைய 30 பேர். அவர்களுள்ளே எண்மர் பொருள் சேர்த்து ஓர் இரசாயன ஆய்கூடத்தை அமைத்தனர். அதனை நடத்தும் பொறுப்பை வாரத்துக்கு ஒருவராக மாறி மாறி ஏற்றனர். மற்றொரு பணி, பல்கலைக்கழகத்தின் போட்லியன் நூல்நிலையத்தைப் பற்றியது. அங்கேயிருந்த நூல்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு, எப்பொருள் எந்நூலில் உள்ளது என்று காட்டும் பொருளகராதி ஒன்றைத் தொகுக்கத் தொடங்கினர். வானியலார் படித்த நூலின் குறிப்பு மருத்துவருக்கும், மருத்துவர் படித்த நூலின் குறிப்பு கணிதருக்கும் பயன்படுமாறு செய்வதே அதன் நோக்கம். பிறர் துறையை மதிக்கவேண்டும் என்று நூறு சொற்பொழிவு நிகழ்த்துவதிலும், பிறருக்குப் பயன்படுமென்று ஒரு நூலைக் குறிப்பெடுத்தல் மேலானது.

வாட்ஹம் கல்லூரித் தோட்டமும் ஒரு காட்சிச்சாலை போலாயிற்று. 1654ஆம் ஆண்டு யூலை மாதத்திலே யோன் ஈவ்லின் என்பவர் அங்கே விருந்தினராகச் சென்று, தாம் கண்டவற்றைத் தம் நாட்குறிப்பிற் பதிந்துள்ளார். உள்ளே தேனீக்கள் வேலை செய்வதைக் கண்ணாடியூடாகக் காணக்கூடிய, கோட்டை போன்ற தேன்கூடுகள். நெடுங்குழாய் ஒன்றன் வழியாக மறைந்திருந்து ஒருவர் பேச, வாய்திறந்து பேசுவது போலத் தோன்றும் ஒரு சிலை. சூரிய கடிகாரங்கள், வெப்பமானி, காந்தம் எனப் பலவற்றை அவர் கண்டார். இவற்றிற் பல வில்கின்சும் இளைஞர் ஒருவரும் சேர்ந்து ஆக்கியவை. அவ்விளைஞரே கிறிஸ்தோபர் றென்.

றென் என்பவரின் வாழ்க்கை, துறைகளுக்கிடையே உள்ள வேலிகள் தாழ்ந்திருந்தால் ஒரு மாணவன் எவ்வாறு வளர்வான் என்பதற்கு எடுத்துக்காட்டு. அவர் பாராளுமன்றத்தாற் சிறையிடப்பட்டிருந்த ஒரு பேராயரின் உடன்பிறந்தார் மகன். ஆயினும் கிறொம்வெலின் உறவினரான வில்கின்சின் கல்லூரியிலே கற்றார். வானியலிலும் கணிதத்திலும் தேர்ந்தார். நாயின் நாளத்திலே மருந்தைச் செலுத்திப் பரிசோதனை செய்தார். தோமஸ் வில்லிஸ் மூளையின் அமைப்பைப் பற்றி 1664ஆம் ஆண்டிலே வெளியிட்ட பெருநூலுக்குச் சித்திரங்கள் வரைந்தார். மூளையின் அடியிலே குருதிக் குழாய்கள் வளையமாக அமைந்திருத்தலை இன்றும் மருத்துவ மாணவர் 'வில்லிசின் வளையம்' என்றே கற்கின்றனர். அந்நூலுக்கு மூளையைத் தீட்டிய அதே கைதான் பின்னர் இலண்டன் மாநகரத்துச் சென் போல் பேராலயத்தையும் வரைந்தது.

மாணவர் மட்டுமன்றி ஆசிரியரும் கற்றனர். 1659ஆம் ஆண்டிலே, பீற்றர் ஸ்டால் என்னும் இரசாயன அறிஞர் ஸ்திராஸ்பூர்க் நகரத்திலிருந்து வரவழைக்கப்பட்டு, ஒக்ஸ்போட்டிலே வகுப்பு நடத்தினார். அவ்வகுப்பிலே மாணவராக அமர்ந்தவருள் கேத்திரகணிதப் பேராசிரியர் வாலிசும் ஒருவர். பதர்ஸ்ற், றென் ஆகியோரும் அங்கே அமர்ந்தனர். தம் துறையிலே தலைசிறந்து விளங்கிய ஒருவர், நாற்பது வயதைத் தாண்டியபின், பிறதுறை ஆசிரியர்முன் தொடக்க மாணாக்கராக இருத்தல் சிறிய செயலன்று. தமக்குத் தெரியாது என்பதை ஒப்புக்கொள்ளும் துணிவு அக்கழகத்திலே பழக்கமாகிவிட்டது.

கழகம் வெளியிலிருந்தும் ஒரு சோதனையை எதிர்கொண்டது. பல்கலைக்கழகங்கள் பழைய ஏடுகளைப் புரட்டும் பயனற்ற இடங்கள், அவற்றை ஒழித்தல் வேண்டும் என்னும் குரல் அக்காலத்திலே சிலரிடத்து எழுந்தது. யோன் வெப்ஸ்ரர் என்பவர் அவ்வகையிலே ஒரு நூல் எழுதினார். 1654ஆம் ஆண்டிலே அதற்கு மறுப்பு வெளிவந்தது. ஆசிரியர் பெயர் வெளிப்படையாக இல்லை. சில எழுத்துக்கள் மட்டுமே இருந்தன. அவை யோன் வில்கின்ஸ், சேத் வோட் என்னும் இருவர் பெயர்களின் கடைசி எழுத்துக்கள். கிறொம்வெலின் உறவினராகப் போகின்றவரும், கிறொம்வெல் பக்கத்தாரால் பதவி இழந்தவரும் ஒரே நூலிலே பெயர் கலந்து நின்றனர். ஒக்ஸ்போட்டிலே புதிய கலைகள் கற்கப்படவில்லை என்ற குற்றச்சாட்டுக்குத் தம் வியாழக்கிழமைப் பணிகளையே அவர்கள் விடையாகக் காட்டக்கூடிய நிலையில் இருந்தனர்.

இதனையடுத்து, அயர்லாந்துப் பிரபு ஒருவரின் மகனாகிய றொபேட் பொயில், வில்கின்சின் அழைப்பை ஏற்று ஒக்ஸ்போட்டிலே குடியேறினார். அவர் எந்தக் கல்லூரியிலும் பதவி வகித்தவரல்லர். வில்கின்ஸ் 1659ஆம் ஆண்டிலே கேம்பிறிட்ஜுக்குச் சென்றபின், பொயிலின் இருப்பிடமே கழகம் கூடும் இடமாயிற்று. அவரிடம் உதவியாளராகச் சம்பளத்துக்கு இருந்தவர் றொபேட் ஹூக் என்னும் ஏழை மாணவர். சிறு தீவொன்றிலே பணிபுரிந்த குருவானவரின் மகன். அவர் அமைத்த வளிப்பம்பியைக் கொண்டே பொயில் வளியின் இயல்புகளை ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியிற் பிறந்து 1662ஆம் ஆண்டிலே வெளிவந்த 'பொயிலின் விதி' இன்றும் எங்கள் பாடசாலைகளிலும் பயிலப்படுகின்றது.

1660ஆம் ஆண்டிலே நாட்டின் நிலை மீண்டும் தலைகீழாயிற்று. கொலையுண்ட மன்னரின் மகன் இரண்டாம் சாள்ஸ் அரியணை ஏறினார். முன்னர் உயர்ந்திருந்தவர் தாழ்ந்தனர், தாழ்ந்திருந்தவர் உயர்ந்தனர். வில்கின்ஸ் கேம்பிறிட்ஜிலே பெற்ற பதவியை இழந்தார். கொடாட்டும் மேட்டன் கல்லூரித் தலைமையை இழந்தார். பழிவாங்குதற்கு இதனினும் நல்ல தருணம் எது? ஆயினும் நிகழ்ந்தது வேறு. அவ்வாண்டு நவெம்பர் 28ஆந் திகதி, இலண்டன் கிறெசம் கல்லூரியிலே கிறிஸ்தோபர் றென் நிகழ்த்திய விரிவுரையின் பின்னர், பன்னிருவர் ஓர் அறையிலே கூடினர். வாரந்தோறும் புதன்கிழமை கூடுவது என்றும், சேரும்போது பத்துச் சிலினும் வாரத்துக்கு ஒரு சிலினும் கொடுப்பது என்றும் தீர்மானித்தனர். அன்றைய கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் பதவி இழந்த வில்கின்சே. பன்னிருவருள்ளே பொயில், பெற்றி, கொடாட் முதலாக ஒக்ஸ்போட் கழகத்தோடு தொடர்புடையோர் அரைவாசிப் பேர். மற்றையோருள் புதிய மன்னருக்கு நெருங்கியவர்களும் இருந்தனர். இக்கூட்டமே 1662ஆம் ஆண்டிலே அரச பட்டயம் பெற்று, றோயல் சொசைற்றி என்று இன்றும் வழங்கும் வேத்தியற் கழகமாயிற்று.

இதுகாறும் கூறியவற்றால், அக்கழகத்திலே குறையே இல்லை என்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. அவர்கள் பேசாது விட்டவை பல. பதவி நீக்கப்பட்ட ஆசிரியருக்கு நேர்ந்தது நீதியா என்னும் வினாவை அம்மேசையிலே எவரும் எழுப்ப இயலவில்லை. மௌனமே அமைதியின் விலையாயிற்று. பெண்கள் அங்கே கல்விக்குரியோராய் இடம் பெறவில்லை; ஆன் கிறீன் அவ்வறைக்குள் வந்தது பெட்டியிலேதான். தோமஸ் ஹொப்ஸ் என்னும் பெருஞ் சிந்தனையாளரோடு வாலிஸ் 1655 முதலாக இருபதாண்டுக்கு மேலாகக் கடுஞ்சொற்போர் நடத்தினார். ஹொப்ஸ் வேத்தியற் கழகத்திலே ஒருநாளும் சேர்க்கப்படவில்லை. வில்கின்சும் வோட்டும் பிற்காலத்திலே பேராயர்களானார்கள். அவ்வாறான பின்னர், தேசிய சபையோடு இணங்காத சமயத்தாரை ஒறுத்தல் கூடாது என்று வில்கின்ஸ் வாதாடினார். வோட்டோ அவர்களைக் கடுமையாக ஒடுக்கினார். பத்தாண்டு ஒரே மேசையில் இருந்தும் அவ்விருவர் கொள்கை ஒன்றாகவில்லை. கழகம் அவர்களை ஒரே மனத்தினர் ஆக்கவில்லை. வேறு வேறு மனத்தினராய் இருந்துகொண்டே சேர்ந்து பணிபுரியப் பழக்கியது. அதற்கு மேல் ஒரு கழகத்திடம் எதிர்பார்ப்பது மிகை என்றே தோன்றுகின்றது.

இக்கழகத்தின் கதை எங்கள் தீவையும் ஒரு வகையிலே தொட்டுச் செல்கின்றது. 1660ஆம் ஆண்டு, இலண்டனிலே அப்பன்னிருவர் கூடுதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், புயலாற் பழுதுற்ற ஓர் ஆங்கிலக் கப்பல் திருக்கோணமலைக்கு அருகிலுள்ள கொட்டியாரக் குடாவிலே நங்கூரமிட்டு நின்றது. அதன் தலைவரும் மகனும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டனர். தந்தை இங்கேயே இறந்தார். மகனாகிய றொபேட் நொக்ஸ் பத்தொன்பது ஆண்டுகள் மலைநாட்டிலே வாழ்ந்து, 1679ஆம் ஆண்டிலே வடமேற்குக் கரையிலுள்ள அரிப்புக் கோட்டையை அடைந்து ஒல்லாந்தரிடம் புகலடைந்தார். மறு ஆண்டு இலண்டன் சேர்ந்த அவரை நாடி, இலங்கையின் பயிர், விலங்கு, உழவு, வழக்கம் ஆகியவற்றைப் பற்றி வினவி, அவர் எழுதியதை நூலாக்குதற்குத் துணைநின்றவர் றொபேட் ஹூக். 1681ஆம் ஆண்டிலே வெளிவந்த அந்நூலுக்கு முன்னுரை எழுதியவரும் அவரே. வேத்தியற் கழகத்தின் அந்நாளைத் தலைவராக அதற்குப் பாராட்டு வழங்கியவர் கிறிஸ்தோபர் றென்.

ஹூக் கடலோடியல்லர், றென் வரலாற்றாசிரியரல்லர். ஆயினும், தம் துறையல்லாத ஒன்றை அறிந்தவர் எதிரே வந்தால் அவரை அமர்த்தி வினவுதல் வேண்டும் என்னும் பழக்கம் ஒக்ஸ்போட்டிலே அவ்விருவருக்கும் கைவந்திருந்தது. பதினேழாம் நூற்றாண்டின் கண்டி இராச்சியத்தைப் பற்றி நாம் இன்று அறிவனவற்றுள் ஒரு பெரும் பகுதி அப்பழக்கத்தின் பேறு எனலாம்.

ஒரு நாட்டின் கற்றோர் தம்முள் பிரிந்து நிற்கும் காலங்கள் பலமுறை வருவன. அக்காலங்களிலே ஒற்றுமையைப் பற்றிய பேச்சுக்குக் குறைவிராது. ஒக்ஸ்போட்டார் அத்தகைய பேச்சை விடுத்து, பொதுவான ஓரிடத்தையும், தவறாத ஒரு நாளையும், ஒவ்வொருவருக்கும் உரிய ஒரு பணியையும், தவறினால் இறுக்கவேண்டிய ஒரு சிறு தண்டத்தையும் வகுத்துக்கொண்டனர். பல கலைகளை ஒரு கழகமாக்குதற்கு அவர்கள் கையாண்ட கருவிகள் இவையே. இவற்றுள் எதற்கும் பெரும் பொருள் வேண்டுவதில்லை. வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு முன்னர், கையிலே ஏதேனும் ஒன்றைக் கொண்டு, போய்ச் சேர்ந்தாற் போதும்.